‘மட்டன்’ என்ற சொல்லும் தணலில் வாட்டிய ஆடும்

ஆங்கிலேயர் வழக்கில் ‘மட்டன்’ என்பது வளர்ந்த செம்மறியாட்டின் இறைச்சி. ‘லேம்ப்’ என்பது செம்மறிக் குட்டியின் இறைச்சி. இந்தியாவில் வேரூன்றிய பின் ‘மட்டன்’ பெரும்பாலும் வெள்ளாட்டைக் குறிக்கலாயிற்று. இது அகராதிச் செய்தி மட்டுமன்று. பழைய உணவு நூல்களை ஆங்கிலவழிப் படிப்போரை இடறச் செய்வது.

சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம், 27ஆம் அதிகாரம், இரண்டையும் தனித்தனியே கூறுகிறது. வெள்ளாட்டிறைச்சி மிகுந்த குளிர்ச்சியோ கனமோ நெய்ப்போ இல்லாதது; மனித உடலின் தாதுக்களை ஒத்தது. செம்மறி இறைச்சி இனிமையும் குளிர்ச்சியும் உடையதாதலின் செரிக்கக் கடினமானது. உடலை வளர்ப்பதில் இரண்டும் ஒன்றே. ‘மட்டன் கனமானது’ என்ற மொழிபெயர்ப்பைப் படிக்கும் இந்திய மாணவர் வெள்ளாட்டை எண்ணிக்கொண்டு, நூல் தன்னோடு தானே முரண்படுவதாகக் கருதக்கூடும்.

இன்றைய ஊட்டச்சத்தியலும் இப்பிரிவைக் கைவிடவில்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக்கூறு அட்டவணைகளில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். புரத அளவில் பெரிய வேறுபாடு இல்லை, வேறுபாடு கொழுப்பில்தான். சுவையின் இருப்பிடமும் அதுவே. செம்மறியின் தனி மணத்துக்குக் காரணமான 4-மெத்தில் ஆக்டனாயிக் அமிலம் போன்றவை அக்கொழுப்பிலேயே உள்ளன. தணலில் வாட்டும்போது கொழுப்பு உருகிச் சொட்ட, எழும் புகை மீண்டும் இறைச்சியில் படிகிறது. கொழுப்பு குறைந்த வெள்ளாட்டுத் துண்டோ அதே தணலில் விரைவில் வறண்டுவிடும். தயிரிலோ புளிப்பிலோ ஊறவைக்கும் வழக்கம் அதற்கே மிகுதியும் உதவுகிறது.

ஆகவே, சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ (12ஆம் நூற்றாண்டு) போன்ற நூல்களில் கோலில் கோத்து வாட்டிய இறைச்சியைக் காணும்போது, எந்த விலங்கு என்பதே முதலில் எழவேண்டிய வினா. சமையல் வரலாற்று நூல்கள் பலவும் இவ்வினாவை எழுப்பாமல் மசாலாப் பட்டியலுக்குத் தாவிவிடுகின்றன.

‘பொருநராற்றுப்படை’ இவ்வகையில் விழிப்பானது. கரிகாலனின் விருந்தில் வெந்த தொடைக்கறி, அறுகம்புல் தின்று வளர்ந்த ‘துருவை’யினுடையது, அதாவது செம்மறியாட்டினுடையது, என விலங்கையும் அதன் தீனியையும் முடத்தாமக்கண்ணியார் சேர்த்தே சொல்கிறார். அடுத்து வரும் கோலில் சுட்ட கொழுந்துண்டுக்கு விலங்கின் பெயர் இல்லை. சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்றதே சொல்லப்படுகிறது. இப்பகுதியை ஆங்கிலப்படுத்துவோர் ‘துருவை’க்கு ‘ஷீப்’ என்றே எழுதுதல் நன்று. ‘மட்டன்’ என்று எழுதினால், இந்திய வாசகர் கரிகாலனின் பந்தியில் வெள்ளாட்டைப் பரிமாறிவிடுவர்.