வலப்புறமா, இடப்புறமா? நார்வே கரையோரக் கப்பலின் கதை

நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் கப்பல் சேவைக்கு ஹுர்டிக்ரூட்டன் என்று பெயர். போய்த் திரும்ப 12 நாள் ஆகும். இன்று காட்சி பார்ப்பதற்கென்றே இதில் ஏறுகிறவர்கள் ஏராளம். எந்தப் பக்கத்து அறை நல்லது என்ற கேள்வி அவர்களோடு வந்தது. சேவை பிறந்தபோது அதைக் கேட்க ஆளில்லை.

1893க்கு முன்பு ட்ரோண்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடக்கே ஹம்மர்ஃபெஸ்டுக்குப் போய்ச் சேரக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையும் ஆனது. பாறைத் தீவுகள் நெருங்கிக் கிடக்கும் அந்த நீர்வழியில் கலங்கரை விளக்கங்கள் குறைவு. குளிர்காலத்திலோ நாள் முழுதும் இருட்டு. பெரிய நிறுவனங்கள் தயங்கின. ஸ்டோக்மார்க்னெஸில் 1881ல் சிறு கப்பல் நிறுவனம் தொடங்கியிருந்த கேப்டன் ரிச்சர்ட் வித் துணிந்தார். அவருடைய ‘வெஸ்டெரோலன்’ 1893 ஜூலை 2 அன்று ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து கிளம்பி, மூன்று நாளில் ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேர்ந்தது. 1898ல் சேவை தெற்கே பெர்கன் வரை நீண்டது. தபால், சரக்கு, உள்ளூர் மக்கள் என்று எல்லாம் ஒரே கப்பலில் போயின.

அந்தக் கப்பல் இரவிலும் நிற்காமல் ஓடியதுதான் புதுமை. இன்றைய பயணியின் கணக்கையும் அதுவே தீர்மானிக்கிறது. போகும்போது இருட்டில் கடந்த ஊர்கள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் காணும்படி கால அட்டவணை அமைந்திருக்கிறது.

வடக்கே போகையில் நிலப்பரப்பு வலப்புறம், திரும்புகையில் இடப்புறம் என்பது பொது விதி. ஒருவழிப் பயணம் மட்டும் போகிறவர் இதை நம்பி அறை எடுக்கலாம். ஆனால் விதி எல்லா இடத்திலும் செல்லாது. போடோவிலிருந்து கடலைக் குறுக்கே கடந்து ஸ்டாம்சுண்ட் சேர்ந்தபின், ஸ்வோல்வேர் வரை லோஃபோடன் தீவுகளின் செங்குத்து மலைகள் இடப்புறம்தான் நிற்கின்றன. அடுத்து வரும் ராஃப்ட்சுண்ட் நீரிணையில் இரு பக்கமும் மலை. அதிலிருந்து இடப்புறம் பிரியும் ட்ரோல்ஃபியோர்டின் வாய் 100 மீட்டர் அகலம்தான். உள்ளே நுழைந்த கப்பல் அங்கேயே திரும்பி வெளியே வருவதால் எந்த அறைக்கும் நட்டமில்லை. கோடையில் நுழையும் கெய்ராங்கர் ஃபியோர்டிலும் இப்படித்தான்: ‘ஏழு சகோதரிகள்’ அருவி போகையில் இடப்புறமும் வருகையில் வலப்புறமும் தெரியும்.

நள்ளிரவுச் சூரியன் கணக்கை மறுபடியும் மாற்றுகிறது. நார்வேயின் வடமுனைப் பகுதியில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை சூரியன் மறைவதில்லை. நள்ளிரவில் அது நேர் வடக்கே நிற்கும். ஹொன்னிங்ஸ்வோகைத் தாண்டிக் கப்பல் கிழக்கே திரும்பியபின் வடக்கு என்பது இடப்புறம், அதாவது திறந்த கடற்பக்கம். நிலத்தைப் பார்க்க வலப்புற அறை எடுத்தவர் அந்தக் காட்சிக்கு மேல்தளத்துக்குத்தான் போகவேண்டும்.

தாமஸ் குக் 1875லேயே வடமுனைக்குச் சுற்றுலா நடத்தியிருந்தாலும், தபால் கப்பல் உல்லாசக் கப்பலாக மாறப் பல காலம் பிடித்தது. 1993ல், நூற்றாண்டு நிறைவின்போது, ‘கொங் ஹரால்ட்’ போன்ற பெரிய கப்பல்கள் வந்தன. அறைகள் பெருகவே, கட்டணத்தில் ஜன்னலும் ஒரு கணக்கானது: உயிர்காப்புப் படகு பார்வையை மறைக்கும் அறைகள் மலிவாக விற்கப்படுகின்றன. பக்கத்தைப் பற்றி நெடுநேரம் யோசித்துவிட்டுப் படகுக்குப் பின்னால் அறை எடுப்பது வீண்.

2021 முதல் இந்த வழித்தடத்தை இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 11 கப்பல்களில் நான்கு ஹவிலா என்ற நிறுவனத்துடையவை. எந்தக் கப்பலானாலும், போய்த் திரும்பும் முழுப் பயணத்துக்குப் பக்கம் பெரிய விஷயமல்ல. மறைப்பில்லாத ஜன்னல்தான் முக்கியம்.