அரசுப் பள்ளிக்குக் கொடை: தெரிந்து கொடுப்போம்

கல்விக்குக் கொடை அளிப்பது தஞ்சை மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தில் உணவோடு கல்வியும் கிடைத்தது. சத்திர வருவாயில்தான் 1881-இல் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி தோன்றியது. ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் முயன்று, 1924-இல் அங்கே தமிழையும் சேர்த்தார். கொடை யார் யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கிறது. நம் சமுதாயத்தில், அதிராம்பட்டினம் எம்.கே.என். மதரஸா டிரஸ்ட் 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரியைத் தொடங்கியது.

தனி நிறுவனங்களை வளர்த்த நமது கை, நம் பிள்ளைகளில் பலர் படிக்கும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகள் பக்கமும் நீள வேண்டும்.

தலைமை ஆசிரியரின் நிலை

ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. குழாய், மின்விசிறி, கழிப்பறைப் பராமரிப்பு போன்ற அன்றாடச் செலவுகளே தலைமை ஆசிரியரை நெருக்குகின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டு மானியம், 251 முதல் 1000 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 75,000 ரூபாய்தான். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 300 ரூபாய்கூட வராது. நாமோ பெரும்பாலும் பெயர் பொறித்த நுழைவாயில் கட்டித் தரவே விரும்புகிறோம்.

கொடுக்கும் வழி

1. 2022 டிசம்பர் 19-இல் தமிழக முதல்வர் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில், தனிநபர்களும் நிறுவனங்களும் வெளிநாடு வாழ் தமிழர்களும் விரும்பிய அரசுப் பள்ளிக்கு நன்கொடை தரலாம்.

2. கொடுக்கும் முன் தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தேவையை அறிந்தவர்கள் அவர்களே. நம் வீட்டுப் பெண்களும் அதில் இடம்பெற முன்வர வேண்டும்.

3. ரொக்கத்தைத் தனிநபர் கையில் தராதீர்கள். முறையான கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள்.

4. கணினி வாங்கித் தந்தால் அதன் பழுது நீக்கும் செலவுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஜகாத் பணம் தரலாமா?

ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வரையறுக்கிறது. எனவே பள்ளிக் கட்டடத்துக்கு ஜகாத் கூடாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. தகுதியுள்ள ஏழை மாணவரின் செலவுக்கு அவரிடமே கொடுக்கலாம். பள்ளிக்கான பொதுப்பணிகளுக்கு ஸதகாவைப் பயன்படுத்துவோம். நாம் போட்டுத் தரும் தண்ணீர்க் குழாயில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் குடிப்பார்கள். அதுவும் நிலையான தர்மமே.

குறுவை, சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் நாட்களில், ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊர் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரை ஒருமுறை சந்தித்து, “என்ன தேவை?” என்று கேட்கட்டும்.