இடக்கைப் பிள்ளையும் சுட்டியின் வரலாறும்



நான் ஆசிரியர் பயிற்சியை முடித்துப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது, 2006. கணினி அறையில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சுட்டியை எடுத்து விசைப்பலகையின் இடப்பக்கம் வைத்துக்கொண்டாள். அவள் எழுதுவதும் இடக்கையால்தான். ஆனால், ஆள்காட்டி விரலால் அழுத்தும்போதெல்லாம் வேண்டாத பட்டியல் ஒன்று திரையில் விரிந்தது. "பார்த்தியா? அதுக்குத்தான் வலது பக்கம் வைக்கச் சொல்றேன்," என்று சுட்டியை வலப்பக்கம் மாற்றி வைத்தேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஆண்டு முழுவதும் கணினிப் பாடத்தில் எல்லாருக்கும் பின்தங்கியே இருந்தாள். அவளுக்கு ஆர்வமில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தச் சுட்டியின் வரலாற்றை அன்றே நான் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கெல்பர்ட்டின் சிந்தனையில் உதித்தது சுட்டி. அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலிஷ் 1964இல் அதற்கு உருவம் கொடுத்தார். ஒரு மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான், அவ்வளவுதான். வால்போல் நீண்ட கம்பியினால் 'எலி' என்ற பெயர் வந்தது. முதலில் அப்படி அழைத்தவர் யார் என்பது அவர்களுக்கே நினைவில் இல்லையாம்.

அவர்கள் சுட்டியைக் கண்டவுடன் நிறைவு அடைந்துவிடவில்லை. ஒளிப் பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு அதனை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். மனித உடலுக்கு எது இயல்பாகப் பொருந்துகிறது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த புகழ்பெற்ற செய்முறை விளக்கத்தில், எங்கெல்பர்ட் வலக்கையில் சுட்டியையும் இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகையையும் இயக்கிக் காட்டினார். இரு கைகளுக்கும் அங்கே வேலை இருந்தது. அந்தச் சுட்டியில் மூன்று பொத்தான்கள். 1970இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

பொத்தான்கள் எத்தனை என்ற வினா பின்னர் நீண்ட நாள் தொடர்ந்தது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ கணினியில் (1973) மூன்று, ஸ்டார் கணினியில் (1981) இரண்டு, ஆப்பிளின் லீசாவில் (1983) ஒன்று. புதியவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று குழம்பக்கூடாது என்பது ஆப்பிளின் எண்ணம். ஆனால், ஒரே பொத்தானால் பல வேலைகள் நடக்க வேண்டுமே! அதனால் 'இருமுறை சொடுக்குதல்' முதன்மை பெற்றது. உடனே அடுத்த சிக்கல் எழுந்தது. இரண்டு சொடுக்குகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விடுவது? இளைஞரின் விரலும் முதியவரின் விரலும் ஒரே வேகத்தில் இயங்குமா?

அதற்கு விடையாக வந்ததுதான் அமைப்புப் பக்கம். 1984இல் வெளிவந்த மெக்கிண்டாஷ் கணினியிலேயே அந்த இடைவெளியை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. விண்டோஸ் 3.1 பதிப்பில் (1992) குறிமுள்ளின் வேகம், இருமுறை சொடுக்கும் வேகம், கண்பார்வை குறைந்தோருக்கு உதவும் குறிமுள்ளின் தடம், இவற்றோடு இடவல மாற்றமும் இருந்தது. அதாவது, இடப் பொத்தானின் வேலையை வலப் பொத்தானுக்கு மாற்றும் வசதி.

கவனியுங்கள், ஆண்டு 1992. நான் அந்தப் பிள்ளையின் கையைத் திருத்தியது 2006இல். இடையே பதினான்கு ஆண்டுகள். தீர்வு எனக்கு முன்னாலேயே, அதே கணினிக்குள்ளேயே இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

மடிக்கணினியின் தொடுபலகைக்கு வருவோம். 1994இல் ஆப்பிளின் பவர்புக் 500 வரிசையில் அது இடம்பெற்றது. விரல் பட்டவுடன் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து அது இயங்குகிறது. ஆகவே பேனா முனையால் தொட்டால் அசையாது. பின்னாளில் இரு விரல்களால் பக்கத்தை நகர்த்தும் முறை வந்தது. 2011இல் ஆப்பிள் அந்த நகர்வின் திசையையே புரட்டிப் போட்டது. விரல் போகும் திசையிலேயே பக்கமும் போகும். பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால், பழைய திசைக்குத் திரும்பும் வழியையும் அமைப்பில் வைத்திருந்தார்கள்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது, இல்லிருப்புக் கற்றலில் என் மாணவன் ஒருவன் விறுவிறுவென்று பயிற்சிகளை முடித்தான். அவனும் இடக்கைப் பழக்கமுள்ளவன். அவன் அம்மாவிடம் தொலைபேசியில் பாராட்டிப் பேசினேன். "சுட்டிய அவன் கைக்கு மாத்திக் கொடுத்திட்டேன் டீச்சர். ரெண்டு நிமிஷ வேலைதான்," என்றார். எனக்கு 2006இன் அந்தச் சிறுமியின் முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு நான் அந்த இரண்டு நிமிடத்தைத் தரவில்லை.

அன்று முதல் ஆண்டின் முதல் கணினிப் பாடத்தில் மூன்று செயல்களைத் தவறாமல் செய்கிறேன். முதலில், எந்தக் கை வசதி என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிறேன். இடக்கைப் பிள்ளைகளில் சிலர் சுட்டியை இடப்பக்கம் வைத்தாலே போதும் என்பர், சிலருக்குப் பொத்தான்களும் மாற வேண்டும், வலக்கையே போதும் என்பாரும் உண்டு. அடுத்து, குறிமுள்ளின் வேகத்தைக் குறைத்துத் தொடங்குகிறேன். மூன்றாவதாக, இருமுறை சொடுக்கத் திணறும் பிள்ளைக்கு இடைவெளியைக் கூட்டிவிடுகிறேன். விண்டோஸில் வழக்கமாக அது அரை நொடி. சின்ன விரல்களுக்கு அது போதாமல் போகலாம். கணினியில் தனித்தனிப் பயனர் கணக்கு இருந்தால், ஒருவருக்குச் செய்த மாற்றம் மற்றவரைப் பாதிக்காது.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை கணினியோடு மல்லுக்கட்டினால், "கவனமில்லை" என்று சொல்லும் முன் அந்த அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கருவியைக் கைக்கேற்ப மாற்றலாம் என்பதை அதனை உருவாக்கியவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஆசிரியையான எனக்கு அது புரியப் பல ஆண்டுகள் ஆயின.

அந்த மாணவி இப்போது வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். எங்கேயாவது பார்த்தால், முதலில் மன்னிப்புக் கேட்பேன்.