எர்ணாவூர் கிட்னியும் ஒரு சின்ன ரத்த டெஸ்ட்டும்

1/ வடசென்னை மக்களே, 2007 ஜனவரி ஞாபகம் இருக்கா? சுனாமியில் வீடிழந்து எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்கு வந்த மீனவக் குடும்பத்துப் பெண்கள், கடனை அடைக்கக் கிட்னியை விற்றது வெளியே வந்த மாசம். பேசிய பணம்கூடப் பலருக்கு முழுசா வரல. அதுக்கு முன்னாடியே வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்'னு பேர்.

2/ ஊர் பேர் தெரியாத ஒருத்தர் கிட்னியை இன்னொருத்தர் உடம்பு எப்படி ஏத்துக்குது? வாங்க, பார்ப்போம்.

3/ 1954ல் பாஸ்டனில் முதல் வெற்றி. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி இரட்டையர். 1971ல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றி பெற்றதும் ரத்த உறவு கொடுத்த கிட்னிதான்.

4/ 1960களில் ஒரு புதிர். சில கிட்னிகள் ரத்தக்குழாயை இணைத்த சில நிமிஷத்திலேயே நீலம் பாரித்துச் செத்தன. காரணம், நோயாளி ரத்தத்தில் முன்னாடியே இருந்த ஆன்டிபாடி. பிரசவம், ரத்தம் ஏத்தினது, முந்தைய மாற்று அறுவை, இந்த மூணும்தான் முக்கியமா அதை உருவாக்கும்.

5/ 1969ல் பட்டேல், டெராசாகி இருவரும் கணக்கோடு காட்டினார்கள். நோயாளியின் சீரத்தில் கொடுப்பவரின் வெள்ளை அணுவைக் கலக்கணும். அணு செத்தால் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்தும் செய்த 30ல் 24 கிட்னி உடனே போச்சு. நெகட்டிவ் வந்த 195ல் போனது 8 தான். இதுதான் கிராஸ்மேட்ச்.

6/ 1983ல் அமெரிக்காவில் சைக்ளோஸ்போரினுக்கு அனுமதி. அது டி செல்லை அடக்கும். இனி அண்ணன் தம்பி பொருத்தம் கட்டாயமில்லை. பிளட் குரூப் சேர்ந்து, கிராஸ்மேட்ச் நெகட்டிவா வந்தா போதும். நல்ல மருந்துதான். ஆனா புரோக்கர் கண்ணுக்குக் கடன்பட்ட எல்லாருமே 'டோனர்' ஆனது அப்போதான். 1994ல் விற்பனையைத் தடை செய்து சட்டம் வந்தது. அதுக்கப்புறமும் எர்ணாவூர் நடந்தது.

7/ ஏற்கெனவே இருக்கிற ஆன்டிபாடியை அந்த மருந்து தடுக்காது. அதனால்தான் பிள்ளை பெத்த மனைவிக்குக் கணவர் ஆசையோடு கொடுக்க வந்தும் சில சமயம் பாசிட்டிவ் வருது. பிள்ளை வழியா அவர் அணுக்களுக்கு எதிரா அவங்க உடம்பு எப்பவோ தயாராகியிருக்கும். பாசம் குறைஞ்சதுன்னு யாரும் நினைக்காதீங்க.

8/ ஒரு வேண்டுகோள். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருந்தா, "சோர்வா இருக்கார், ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துங்க டாக்டர்"னு வற்புறுத்தாதீங்க. தேவையில்லாத ஒவ்வொரு பாட்டிலும் நாளைக்குக் கிடைக்கப்போற கிட்னியைத் தட்டிவிடலாம். புரோக்கர்கிட்ட போகாதீங்க. அரசு ஆஸ்பத்திரி மூலமா மூளைச்சாவு தானத்துக்குப் பதிவு பண்ணுங்க. காத்திருக்கணும்தான். ஆனா இன்னொரு வீட்டுக் கடன் அதில் இருக்காது.