ஏர் ஃபில்டரும் கொஞ்சம் சரித்திரமும்

"டேய், ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டா வண்டி பத்து குதிரை கூட இழுக்கும்டா!" இந்த வசனத்தைக் கேட்காமல் யாருக்கும் கல்லூரி வாழ்க்கை முடிவதில்லை. சொல்கிறவன் காரில் அது இருக்கும், அல்லது வாங்க ஆசை இருக்கும். காமர்ஸ் படிக்கிற எனக்கு இன்னொரு கேள்விதான் முதலில் வருகிறது. இந்தச் சாமானை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் பதில் சுவாரசியமாகவே இருக்கிறது. பவருக்காக இல்லைங்க, தூசிக்காக!

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு ரோட்டில் பறக்கிற மண்ணும் உள்ளே போகப் பார்க்கும். மண் என்றால் பெரும்பாலும் மணல், அது இன்ஜினுக்குள் இருக்கிற இரும்பைவிடக் கடினம். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், சைலன்ஸரில் நீலப்புகை வரும். எங்கள் கணக்குப்பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. இங்கே அது நிஜமாகவே தேய்மானம் :-)

ஆரம்ப காலக் கார்களுக்கு ஃபில்டரே கிடையாது. 1908-ல் வந்து 1927 வரை விற்ற ஃபோர்டு மாடல் டி, காற்றை அப்படியே இழுத்துக்கொண்டுதான் ஓடியது. பிறகு ஆயில் பாத் ஃபில்டர் வந்தது. அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் இருக்கும். உள்ளே வருகிற காற்று அந்த ஆயிலுக்கு மேலே திரும்பும்போது கனமான தூசி ஆயிலில் விழும், மிச்சம் கம்பி வலையில் ஒட்டும். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது இதுதான்.

அந்தப் போரில்தான் நம் கதையின் முக்கியமான சம்பவம் நடந்தது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனார்கள். மணல் இன்ஜினைத் தின்றுவிடும் என்பதால் 'வோக்ஸ்' என்கிற பெரிய ஃபில்டரை மூக்குக்குக் கீழே மாட்டினார்கள். இன்ஜின் பிழைத்தது. ஆனால் பெட்டி பெரிதாகத் தாடை போலத் தொங்கியதால் வேகமும் குறைந்தது, மேலே ஏறும் திறனும் குறைந்தது. எதிரி விமானத்தைத் துரத்துகிறவனுக்கு இது உயிர்ப்பிரச்சினை. 1942-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் அபூகிர் என்ற இடத்தில் இருந்த விமானப்படைப் பட்டறைக்காரர்கள், சின்னதாக, இலேசாக ஒரு ஃபில்டரைத் தாங்களே செய்து மாட்டினார்கள். 'அபூகிர் ஃபில்டர்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு, தூசியையும் தடுக்கணும் காற்றையும் தடுக்கக்கூடாது என்று வேறொன்றைப் போடுவது. இன்றைக்கு நண்பர்கள் காரில் செய்வதும் இதைத்தானே!

அதே போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, கார்கள் வந்தன. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதன் பிறகு பல வருடங்களுக்கு இந்தியாவின் கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த டிராக் வந்தபிறகு ரேஸ் அங்கே போனது.

பொதுவாக ரேஸ் காரில் கார்புரேட்டர் வாயில் ஃபில்டருக்குப் பதிலாகக் குழல் மாதிரி ஒரு புனலை மட்டும் வைப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். இதைப் பார்த்துத்தான் 'ஃபில்டர் இல்லாவிட்டால் பவர்' என்ற நம்பிக்கை தெருவுக்கு வந்தது. ஆனால் ரேஸ் இன்ஜினைச் சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பிப்பார்கள். அந்தச் செலவு அவர்கள் பட்ஜெட்டிலேயே இருக்கும். நம் பட்ஜெட்டில் இருக்கிறதா?

மண் ரோட்டில் ஓடும் ராலி வேறு உலகம். முன்னால் போகிற வண்டியின் தூசியைப் பின்னால் வருகிறவன்தான் குடிக்கணும். அங்கே ஃபில்டரைக் கழற்றினால் பந்தயமே முடியாது. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ஒரே வீட்டில் தார் டிராக்கும் மண் ரோடும்!

இன்றைக்குக் கடையில் விற்கிற, கழுவித் திரும்பப் போடும் காட்டன் ஃபில்டரும் மண்ணில் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இரண்டு மோட்டார் சைக்கிள் ஆட்கள் 1969-ல் கொண்டுவந்தது. இரண்டு பேரின் முதல் எழுத்துதான் 'கே அண்ட் என்'. பக்கத்து மெக்சிகோவில் பாஹா பாலைவனப் பந்தயம் 1967-லேயே தொடங்கியிருந்த காலம் அது. பஞ்சுத் துணியை மடித்து, இலேசாக ஆயில் பூசி, இரண்டு பக்கமும் கம்பி வலை வைத்தார்கள். துணியின் கண் பெரிது, அதனால் காற்று சுலபமாகப் போகும். தூசியைப் பிடிப்பது ஆயில். யோசித்துப் பாருங்கள், பழைய ஆயில் பாத் யுக்தியேதான், வேறு சட்டை.

அப்படியானால் பவர் கூடாதா? 1,600 சிசி இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது நிமிடத்துக்கு அதிகபட்சம் 4,800 லிட்டர் காற்றை இழுக்கும். கம்பெனி காகித ஃபில்டர் சுத்தமாக இருந்தால் இதற்குப் போதுமான இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள். முழு வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் கிடைக்கலாம். சத்தம் மட்டும் நிச்சயம் கூடும், பாதி 'பவர்' காதில்தான் இருக்கிறது.

மாட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூம்பு ஃபில்டரைப் பானெட்டுக்குள் திறந்தவாக்கில் வைத்தால் அது இன்ஜின் சூட்டைத்தான் குடிக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஃபில்டரில் சம்பாதித்தது சூட்டில் போச்சு. ஆகவே வெளிக்காற்று வருகிற குழாய் வேண்டும், நடுவில் சூடு தடுக்க ஒரு தகடு வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே உட்காரும் பானல் ஃபில்டரைப் போடுவது புத்திசாலித்தனம். கிளாம்ப் இறுக்கமாக இருக்கணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

அடுத்தது கழுவுவது. அதற்கென்று விற்கிற கிளீனரை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடணும். பெட்ரோல் வேண்டாம், ஏர் பிரஷர் வேண்டாம், துணி கிழியும். நிழலில் தானாகக் காயணும். பிறகு மடிப்புகளில் அளவாக ஆயில். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சாரில் ஆயில் படிந்து வண்டி திணறும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? நல்ல நெடுஞ்சாலையில் 50,000 மைல் வரை தாங்கும் என்று அந்த கே அண்ட் என் கம்பெனி சொல்கிறது. இதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி, அங்கிருந்து கல்வராயன் மலையின் உள்கிராமங்களுக்கு மண் ரோட்டில் போய்ப் பாருங்கள். மாசி, பங்குனியில் முன்னால் ஒரு பிக்கப் போனால் பின்னால் செம்மண் திரைதான். அங்கே மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்க்கணும். அதோடு 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தியே சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். மலை எடுத்துக்கொண்ட அந்தப் பவரை எந்த ஃபில்டரும் திருப்பித் தராது.

அபூகிரிலும் கலிஃபோர்னியாவிலும் யோசித்தவர்கள் கையில் மண் ஒட்டியிருந்தது. முதலில் இன்ஜின் பிழைக்கணும், பிறகு வேகம் என்பதுதான் அவர்கள் வரிசை. அட்டைப்பெட்டியில் அச்சடித்த 'பத்து குதிரை' பின்னால் வந்த வியாபாரம். ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். கூடவே அந்தக் கிளீனர், ஆயில் டப்பாக்களையும் பில்லில் சேர்த்துவிடுங்கள். கழுவ நேரம் இல்லாதவர்களுக்குக் காகித ஃபில்டரே போதும். தூசி நிறைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம். சிலிண்டரை அப்படிச் செய்ய முடியாது!