உழைப்போர் உணவில் பயறும் பருப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் பருப்பைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் வினவக்கூடும். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர். ஆகவே நம் மக்களின் கலயத்தில் எது இருந்தது, எது இல்லாமற் போயிற்று என்று ஆராய்வதும் கல்வி வரலாற்றின் ஒரு கூறே எனக் கருதுகின்றோம்.

பயறு வகைகள் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில், புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்ற கொள்ளும் பச்சைப்பயறும் கரிந்த நிலையில் கிடைத்தன. அகநானூற்றின் 86ஆம் பாடல், மணவிழாவில் உழுந்து கலந்து சமைத்த உணவைக் கூறுகின்றது. ஆனால், கொள்ளுக்கு ஆங்கிலேயர் குதிரையின் பெயரையே சூட்டினர். அதனை உண்போரை இழிவாக நோக்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. இழிவுக்கு அதில் என்ன இருக்கின்றது? நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. அதே அளவு கொள்ளில் 22 கிராம் உண்டு. உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் அது 24 கிராமை எட்டும். இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் இதற்கு மேல்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அரிசி போன்ற தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறையும் மெதியோனினைத் தானியம் ஈடு செய்கின்றது. இரண்டும் சேரும்போது உடல் இரண்டையும் முழுமையாகப் பயன்கொள்கின்றது. நம் பாட்டிமார் வேதியியல் கற்றவரல்லர். ஆயினும் கேழ்வரகுக் களியோடு கொள்ளுக் கடைசலைத்தான் வைத்தனர்.

காவிரிப் படுகையில் தை மாதத்து அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்கிடையே உளுந்தையும் பயற்றையும் தெளிப்பது பழைய வழக்கம். எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அவை விளைந்துவிடும். அவற்றின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மண்ணுக்கு ஊட்டுகின்றன என்பதை 1880களில் ஜெர்மானிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர். தெளித்த கை யாருடையது? வெயிலில் குனிந்து செடி பறித்த கை யாருடையது? பெரும்பாலும் சேரிப் பெண்களுடையதே. விளைந்த பயறோ மிராசுதாரரின் களஞ்சியத்துக்குச் சென்றது. நாட்கூலி என்பது நெல்தான். பண்ணையாட்களின் பாதுகாப்புக்கென 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கு இயற்றப்பெற்ற சட்டமும் கூலியை நெல்லளவிலேயே குறித்தது: ஆணுக்கு இரண்டு மரக்கால், பெண்ணுக்கு ஒரு மரக்கால். அந்தப் பாதியளவைக் குறித்து இங்கு நாம் விரித்துரைக்கவில்லை. கூலி நெல்லில் சிறு உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாக்கப்பட்டன. நெல்லுக்கே இந்நிலை எனில் பருப்பைக் கேட்கத் துணிந்தோர் யார்?

பருப்பே கூலியாகக் கிடைத்த இடமும் உண்டு. மத்தியப் பிரதேசத்து ரேவா பகுதியில் கடனுக்கு அடிமைப்பட்ட உழவுத் தொழிலாளருக்குக் கேசரிப் பருப்பை அளந்து கொடுத்தனர். வறட்சியிலும் விளையும் மலிவான பருப்பு அது. மாதக்கணக்கில் அதையே முதன்மை உணவாகக் கொண்டவர்களின் கால்கள் முடங்கின. மைய அரசு 1961இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. பருப்பு நன்று என்று கூறும்போதே, எந்தப் பருப்பு, எத்துணை அளவு, விரும்பி உண்பதா வேறு வழியின்றி உண்பதா என்றும் கேட்டாக வேண்டும்.

பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் உயர்த்தியது, பயறு பின்தங்கியது. இந்தியாவில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பயறு 1961இல் 69 கிராம். அது 1981இல் 37.5 கிராமாகவும் 2001இல் 30 கிராமாகவும் சரிந்தது. 2011இல் 43 கிராமுக்கு மீண்டது. இவை சராசரிக் கணக்குகள். நிலமற்றோர் குடிசையில் இதனினும் குறைவாகவே இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது பள்ளி உணவே எனலாம். சென்னை மாநகராட்சி 1920இல், தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவும் மாநிலமெங்கும் பரவின. சாம்பாரில் விழுந்த பருப்பும், பின்னாளில் சேர்ந்த கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும், வீட்டில் பருப்பைக் காணாத பல பிள்ளைகளுக்கு வகுப்பறை வாயிலில் கிடைத்தவை.

2007 முதல் நியாயவிலைக் கடைகளில் துவரம்பருப்பு மலிவு விலையில் வழங்கப்படுகின்றது. குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஐவர் வாழும் இல்லத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு கிராமும் தேறாது. எஞ்சியதைச் சந்தையில்தான் வாங்க வேண்டும். அங்கே துவரையினும் மலிவாகப் பெரும்பாலும் கிடைப்பது, ஒரு காலத்தில் இகழப்பட்ட அதே கொள்ளுதான்.