தோட்டத்து வாக்கும் நகரத்து வாக்கும்

அதிபர் தேர்தல் நடைபெறும் நாடுகளில் முடிவு வெளியானதும் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இன்ன மாவட்டத்தார் அறிவோடு வாக்களித்தனர், இன்ன மாவட்டத்தார் அறியாமையால் வாக்களித்தனர் என்பர். இலங்கையில் 2024 செப்டம்பரில் அதிபராக வென்ற அநுர குமார திசாநாயக்க, யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்குப் பத்து வாக்குக்கூடப் பெறவில்லை. நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலோ, அதே மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை அவருடைய அணி பெற்றது. இரண்டே திங்களில் ஒரு மாவட்டத்தாரின் அறிவு வளர்ந்துவிட்டது என்று எவரேனும் கூறுவரோ?

நம் நாட்டில் அதிபர் தேர்தல் இல்லை. எனினும் அந்தப் பழி இங்கும் உண்டு. நகரத்தார் சிந்தித்து வாக்களிப்பர், தோட்டத்தார் சொன்னபடி வாக்களிப்பர் என்பது நெடுநாளையப் பேச்சு. அதை ஆராய்வதற்குப் பேராக் மாநிலத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே இருபது மைல்கூட இல்லை. வாக்களித்த முறையிலோ இவ்விரண்டு ஊர்களும் நீண்டகாலம் இரு துருவங்களாக நின்றன.

1955இல் மலாயாவின் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, பதிவு பெற்ற வாக்காளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் மலாய்க்காரர். 52 இடங்களில் 51ஐக் கூட்டணி வென்றது. தப்பிய ஒன்றும் பேராக்கின் கிரியான் தொகுதியே என்பது சுவையான செய்தி. பின்னர்ச் சுதந்திரத்தை ஒட்டிக் குடியுரிமை விரிந்தது. கிந்தா ஈய வெளியின் புதுக்கிராமத்துச் சீனர் பெருந்தொகையாக வாக்குரிமை பெற்றனர். 1957 இடைத்தேர்தலில் ஈப்போ-மெங்லெம்பு தொகுதி மக்கள் முற்போக்குக் கட்சியின் டி. ஆர். சீனிவாசகத்தைத் தேர்ந்தெடுத்தது. 1959இல் அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் நான்கு இடங்களையும் பேராக் சட்டமன்றத்தில் எட்டு இடங்களையும் பெற்றது. இலங்கைத் தமிழ் மரபினரான ஒரு வழக்கறிஞரைச் சீன வாக்காளர் மீண்டும் மீண்டும் அனுப்பி வைத்தனர். குடியுரிமைக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் அவர் வாதாடினார், அதற்கே வாக்களித்தனர். 1974இல் அக்கட்சி தேசிய முன்னணிக்குள் சென்று தேர்தலைச் சந்தித்தபோது, ஈப்போவும் மெங்லெம்புவும் அதைக் கைவிட்டு ஜனநாயக செயல் கட்சியை நாடின.

இனிச் சுங்கை சிப்புட்டுக்கு வருவோம். அவ்வூரிற் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1955இல் வடகிந்தாவிலும், 1959, 1964, 1969ஆம் ஆண்டுகளில் சுங்கை சிப்புட்டிலும் கூட்டணியின் வேட்பாளராக வென்றார். இதைக் குருட்டு விசுவாசம் என்பவர் தோட்டத்தின் அமைப்பை அறியாதவர். லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும். பள்ளியும் கோயிலும் நின்ற மண்ணும் அவர்களுடையதே. எதிர்க்கட்சிக்காரர் கூட்டம் போடத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டுமாயினும் துரையின் அனுமதி வேண்டும். இந்நிலையில், அரசில் இடம்பெற்ற ஒருவரைத் துணையாகக் கொள்வது கணக்கறிந்த செயலே. பலனும் இல்லாமற் போகவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சம்பந்தனின் முயற்சியால் தோன்றியது. பால்மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கின. அப்பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன.

நிற்க. 1974 முதல் ச. சாமிவேலு அத்தொகுதியை எட்டுத் தேர்தல்களில் வென்றார். அதே காலத்தில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. துரையின் அனுமதியும் லயத்து அச்சமும் அவர்களைத் தொடர்ந்து செல்லவில்லை. தோட்டத் தொழிலாளரிடையே பாடுபட்ட மருத்துவர் மைக்கல் ஜெயகுமார் 1999இலும் 2004இலும் தோற்றவர். 2008இல் 1,821 வாக்கு வேறுபாட்டில் சாமிவேலுவை வென்றார். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த இண்ட்ராப் பேரணியின் சூடு அப்போது தணியவில்லை. அத்தொகுதியில் இந்தியர் சிறுபான்மையினரே ஆதலின் வெற்றி முழுவதையும் தமிழர் கணக்கில் எழுதுவது முறையன்று. எனினும் அவர்களுடைய வாக்குப் பெயராமல் அது கைகூடியிருக்காது என்பது என் கருத்து.

2013இலும் ஜெயகுமாரே வென்றார். இவ்விருமுறையும் அவர் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் நின்றவர். 2018இல் மலேசிய சோசலிசக் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையையே இழந்தார். அவர்பால் மக்களுக்கு வெறுப்புத் தோன்றியதாகக் கூறுவார் இலர். கூட்டரசு ஆட்சியையே மாற்ற வேண்டுமாயின் எந்தச் சின்னத்தில் கோடிட வேண்டும் என்பதை அவ்வூரார் எண்ணிப் பார்த்தனர். மக்கள் நீதிக் கட்சியின் கேசவன் வென்றார். அந்த மே மாதத்திலேயே ஆட்சியும் மாறியது.